மீட்டர் முள்ளு ஏறவே மாட்டேங்குது: பழைய 800-க்கு தெர்மோஸ்டாட் திரும்ப மாட்டணுமா?

அல்சூர்_எட்டுநூறு

வண்டி 1997 மாருதி 800, கார்பரேட்டர் மாடல், ஏசி இல்லை. கைமாறி வந்தது. பெங்களூருல தினம் அல்சூர் – ஒயிட்ஃபீல்டு, வாரக்கடைசியில ஓசூர்.

கவனிச்சது இதெல்லாம்:

காலையில சோக் (குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோலைக் கூட்டித் தர்ற குமிழ்) இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆகுது. ஆனா மூணு நாலு கிலோமீட்டர் போனாத்தான் சோக்கை முழுசா உள்ள தள்ள முடியுது. அதுக்கு முன்னாடி தள்ளினா திக்கித் திக்கி அணைஞ்சிடுது.

டெம்பரேச்சர் முள்ளு அடிக்கோட்டை ஒட்டியே படுத்திருக்கு. சில்க் போர்டு சிக்னல்ல நின்னா கால்வாசி ஏறும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல வேகம் எடுத்ததும் மறுபடி படுத்துடும்.

ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் காபி நுரை மாதிரி மஞ்சள் பசை. சாவி போட்டதும் ரேடியேட்டர் ஃபேனும் கூடவே சுத்துது. மைலேஜ் 13-ஐ தாண்டல.

மெக்கானிக் கிட்ட கேட்டா, "தெர்மோஸ்டாட்டை எப்பவோ எடுத்தாச்சு சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது வேண்டாம்"ங்கறார். நிஜமாவே வேண்டாமா? மாட்டறதுன்னா எத்தனை டிகிரி வாங்கணும், வீட்டு வாசல்லயே செய்யலாமா?

---

ஜேசிரோடு_ஸ்பேனர்

மாட்டுங்க. நீங்க சொன்ன அத்தனையும் தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியோட லட்சணம்தான்.

தெர்மோஸ்டாட்டுக்குள்ள ஒரு சின்ன பித்தளைக் குப்பியில மெழுகு இருக்கு. குறிப்பிட்ட சூட்டுக்கு மெழுகு உருகி விரிஞ்சு, ஊசியைத் தள்ளி, ஸ்பிரிங்கை எதிர்த்து வாயைத் திறக்கும். அதுவரைக்கும் ரேடியேட்டருக்கு தண்ணி போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும். அதனாலதான் நாலஞ்சு கிலோமீட்டருக்குள்ள இன்ஜின் சூடு பிடிக்குது. அதை எடுத்துட்டா முதல் நிமிஷத்துல இருந்தே முழுத் தண்ணியும் ரேடியேட்டர்ல போய் ஆறிட்டு வருது. உங்க வண்டியில ஃபேனும் சூட்டு சுவிட்ச் இல்லாம டைரக்ட்டா கொடுத்திருக்காங்க, கேக்கணுமா?

இன்ஜின் குளிர்ந்தே ஓடினா பெட்ரோல் சரியா ஆவியாகாது. சிலிண்டர் சுவரை நனைச்சு, ஆயிலைக் கழுவிட்டு கீழ ஆயில் தேங்கற சம்புக்குப் போயிடும். சிலிண்டர் போர் தேயும், ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கற குச்சி) முகர்ந்து பாருங்க, பெட்ரோல் வாசம் வந்தா சந்தேகமே வேண்டாம். எரிஞ்ச புகையில வர்ற நீராவியும் ஆயில்ல சேர்ந்து, சூடு பத்தாததால வெளியேறாம நிக்குது. மூடிக்கு அடியில இருக்கற காபி நுரை அதுதான். புகை டெஸ்ட்லயும் இடிக்கும். உங்க வண்டி மாதிரி 2000-க்கு முந்தின வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், இன்ஜின் சூடேறாம சோக்குல ஓடினா அதைத் தாண்டறது சுலபம்.

எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சற) வண்டி வெச்சிருக்கறவங்களுக்கும் இதேதான். அங்க சோக் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். கூலண்ட் சென்சார் "இன்னும் சூடாகல"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோலை அள்ளிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஓபிடி 2 (கோளாறை கோடு எண்ணா காட்டற வசதி) உள்ள வண்டின்னா, கூலண்ட் போதுமான சூடாகலைங்கற பி0128 கோடு வரும்.

ஆனா மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. தெர்மோஸ்டாட்டை யாரும் சும்மா கழட்ட மாட்டாங்க. எப்பவோ வண்டி ஹீட் ஆகியிருக்கும். காரணம் அடைச்ச ரேடியேட்டரா, வேலை செய்யாத ஃபேன் சுவிட்சா, லீக் ஆன மூடியா, ஹெட் கேஸ்கெட்டா (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற தகடு) போச்சான்னு தேடாம, தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு ஃபேனை டைரக்ட் பண்ணி அனுப்பியிருப்பாங்க. அந்த மூலக் காரணம் இன்னும் உள்ளேயே இருந்தா, புது தெர்மோஸ்டாட் மாட்டின மறுநாளே ஹீட் ஆகும், பழி புதுசு மேல விழும்.

---

குஜிரி_ராஜா

என்ன சார் இது, எத்தனை அம்பாசிடரும் பத்மினி காரும் தெர்மோஸ்டாட் இல்லாம ஓடியிருக்கு. குளிர் நாட்டுக்காரன் ஹீட்டருக்காக வெச்ச சமாச்சாரம். வெயில் ஊர்ல எதுக்கு? மாட்டி, அது மூடின நிலையில சிக்கிக்கிட்டா ஹெட்டே போயிடும்.

---

ஜேசிரோடு_ஸ்பேனர்

@குஜிரி_ராஜா மூடிச் சிக்கினா ஹெட் போகும்ங்கறது சரி. அதுக்கு நல்ல பார்ட்டா பார்த்து, சோதிச்சு மாட்டணும். காசு குறைவான பார்ட்தானே. வெயில் ஊருங்கறது சரியில்ல. வெளிய 15 டிகிரியோ 35 டிகிரியோ, இன்ஜின் கேக்கறது 80-க்கு மேல. ரெண்டுமே அதுக்கு ரொம்பக் கீழ. பெங்களூரு டிசம்பர் காலைக்கு வெயில் ஊருன்னு பேர் வெச்சதே தப்பு.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அந்தத் தட்டு கீழ இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். அந்த மாதிரி இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சுடு தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்கே திரும்பிடும். காலையில குளிரும், டிராஃபிக்ல கொதிக்கும். "தண்ணி வேகமா ஓடுறதால ஆறறதுக்கு நேரமில்ல"ன்னு இதுக்கு ஒரு விளக்கம் சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. காரணம் பைபாஸ்தான். புதுசு வாங்கும்போது கவுத்துப் பாருங்க, கீழ தட்டு இருந்தா உங்க இன்ஜின் அந்த ரகம்.

---

பழைய_இன்ஜின்

முதல்ல மீட்டரை நம்பலாமான்னு பாருங்க. டெம்பரேச்சர் சென்டர்ல (இன்ஜின் சூட்டை மீட்டருக்கு அனுப்பற சென்சார்) வர்ற ஒத்தை வயரைக் கழட்டி, சாவி போட்ட நிலையில ஒரு நொடி மட்டும் இன்ஜின் உடம்புல தொடுங்க. முள்ளு முழுசா எச் (சூடு) பக்கம் பாய்ஞ்சா மீட்டரும் வயரும் நல்லா இருக்கு. பாயலைன்னா கோளாறு அங்க.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா ஹவுசிங் (தெர்மோஸ்டாட் உக்கார்ற கூடு) மேல அடிச்சுப் பார்க்கலாம், ஒரு சூட்சுமத்தோட: பளபளப்பான அலுமினியத்துல அது கம்மியாத்தான் காட்டும். 80 டிகிரி இருக்கற இடத்துல 50-னு பொய் சொல்லும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அடிங்க.

எதுவுமே இல்லைன்னா கையே போதும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுக்கிட்டே இருங்க (ஃபேன், பெல்ட் பக்கம் விரல் போகாம). நல்ல தெர்மோஸ்டாட்டுன்னா ஹோஸ் சில நிமிஷம் பச்சைத்தண்ணியா இருந்து, திடீர்னு கை வைக்க முடியாத சூட்டுக்குத் தாவும். ஆரம்பத்துல இருந்தே வெதுவெதுன்னு மெல்ல ஏறினா திறந்தே இருக்கு, இல்ல உள்ள ஒண்ணுமே இல்ல. முள்ளு சிவப்புக்குப் போயும் ரேடியேட்டர் கீழ்ப்பக்கம் ஜில்லுன்னு இருந்தா மூடியபடி சிக்கியிருக்கு, உடனே அணைச்சிடுங்க.

காபி நுரையைப் பார்த்து ஹெட் கேஸ்கெட்னு பயப்பட வேண்டாம், ஆனா பார்த்துட்டு விடுங்க. மூடியில மட்டும் நுரை, டிப்ஸ்டிக் சுத்தம், ரேடியேட்டர் தண்ணி குறையலைன்னா குளிர்ந்து ஓடினதுதான் காரணம். டிப்ஸ்டிக்லயும் பால் மாதிரி இருந்தா, ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, ரேடியேட்டர் வாயில விடாம குமிழி வந்தா, தெர்மோஸ்டாட் வேலையை நிறுத்திட்டு கேஸ்கெட்டைப் பாருங்க.

---

மெழுகுக்குப்பி

எத்தனை டிகிரின்னு கேட்டீங்களே. சுசூகி இன்ஜினுக்கு 82, 88 ரெண்டும் உண்டு. எண் அடிப்பக்கம் குப்பியிலயோ விளிம்புலயோ பொறிச்சிருக்கும். பெங்களூருக்கு 82 போதும். எண்ணே இல்லாத பார்ட்டை ஜேசி ரோடு பார்ட்ஸ் கடையில எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும் வாங்காதீங்க. கடையிலயே பார்க்க வேண்டியது: வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா வாயைச் சுத்தி எங்கயும் வெளிச்சம் கசியக்கூடாது. விளிம்புல ஒரு சின்ன ஓட்டையில ஆடுற ஊசி இருக்கணும், குலுக்கினா கிணுகிணுன்னு கேக்கும். காத்து வெளியேற அதுதான் வழி. கேஸ்கெட்டையும் கூடவே வாங்கிடுங்க.

மாட்டறதுக்கு முன்னாடி அடுப்புல சோதனை. பாத்திரத்துல தண்ணி, தெர்மோஸ்டாட்டை நூல்ல கட்டித் தொங்க விடுங்க, அடியில படக்கூடாது, பட்டா அடுப்புச் சூட்டுக்கே திறந்துக்கும். வால்வு வாயில இன்னொரு மெல்லிய நூலைச் செருகி அந்த நூலாலயே தொங்க விட்டா இன்னும் நல்லது: திறக்கற நொடியில தானா நழுவி விழும், அப்ப தெர்மாமீட்டரைப் படிங்க. 82 ரகம் 80-லிருந்து 84-க்குள்ள விழணும். 95-ல முழுசா திறந்து, 8 மில்லிமீட்டருக்குக் குறையாம தூக்கியிருக்கணும். அடுப்பை அணைச்சு ஆற விட்டா ஒட்டாம மூடணும்.

இங்க பெங்களூருக்காரங்க ஏமாந்து போற ஒரு இடம் இருக்கு. நாம கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலா உக்காந்திருக்கோம். திறந்த பாத்திரத்துல தண்ணி இங்க சுமார் 97-லயே கொதிச்சிடும், அதுக்கு மேல ஏறாது. 88 ரகம் முழுசா திறக்கறது 100-ல. ஆக இந்த ஊர்ல பாத்திரத்துல போட்டா அது ஒருநாளும் முழுசா திறக்காது. பார்ட் கெட்டதுன்னு திருப்பிக் கொடுக்காதீங்க. 82 ரகத்துக்கு இந்தத் தொல்லை இல்ல.

இதே காரணத்துக்காக ரேடியேட்டர் மூடியையும் மாத்துங்க. மேல 0.9-னு போட்டிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடிச்சா வெறும் தண்ணிகூட சுமார் 117 வரைக்கும் கொதிக்காது. ரப்பர் வெடிச்ச மூடின்னா 97-லயே கொதிச்சு ரிசர்வ் டேங்க் வழியா வழிஞ்சிடும்.

---

அல்சூர்_எட்டுநூறு

நன்றிங்க எல்லாருக்கும். வயரைத் தொட்டுப் பார்த்தேன், முள்ளு எச் வரைக்கும் பாயுது. டிப்ஸ்டிக் சுத்தம், லேசா பெட்ரோல் வாசம். ரேடியேட்டர்ல குமிழி இல்ல. ஆனா உள்ள இருக்கற தண்ணி செம்மண் கலர்ல இருக்கு. செய்முறையை வரிசையா யாராவது சொல்லுங்களேன். ஹவுசிங் போல்ட்டைச் சுத்தி வெள்ளையா உப்பு பூத்திருக்கு, அதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு.

---

பழைய_இன்ஜின்

செம்மண் கலர்னா வருஷக்கணக்கா போர்வெல் தண்ணியிலயே ஓடியிருக்கு. உள்ள துரு. நல்லவேளை, தெர்மோஸ்டாட் இல்லாத இந்த நேரத்துலயே ஃபிளஷ் பண்ணிடுங்க, மாட்டின பிறகு தண்ணி சரியா பாயாது.

முதல் நாள் ராத்திரியே ஹவுசிங் போல்ட் ரெண்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. வெள்ளை உப்பு அலுமினியம் அரிச்சதோட அடையாளம், போல்ட் உள்ள பிடிச்சிருக்கும். காலையில இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது ரிங் ஸ்பேனர் போட்டு முதல்ல இறுக்கற பக்கம் ஒரு நூலளவு அசைங்க, அப்புறம் கழட்டற பக்கம். கால் சுத்து கழட்டி, அரைக்கால் இறுக்கி, மறுபடி கால் சுத்துன்னு முன்னும் பின்னுமா போங்க. ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு ஒரே இழுப்பா இழுத்தா தலை கையோட வரும். ஒருவேளை உடைஞ்சா, அந்த இடத்துல டிரில் போட்டு விளையாடாதீங்க. மிச்சத் தண்டு மேல நட்டு வெச்சு வெல்டு பண்ணி எடுப்பாங்க, அந்தச் சூட்டுக்கே பாதி இளகிடும். மரை போயிருந்தா ஹெலிகாயில் (புது மரையா உக்கார்ற கம்பிச்சுருள்) போட லேத்துக்குக் கொடுங்க.

அதுக்கு முன்னாடி ரேடியேட்டர் அடி டிரெயினைத் திறந்து பழைய தண்ணியை ஒரு பேசின்ல பிடிங்க. கூலண்ட் கலந்திருந்தா ருசி இனிப்பு, தெரு நாய் நக்கிடும், நக்கினா சிறுநீரகம் போய்ச் செத்துடும். சாக்கடை மோரியிலயும் ஊத்தாதீங்க.

மேல் ஹோஸைக் கழட்டும்போது இழுக்காதீங்க, திருகுங்க. பல வருஷம் ஒட்டிக்கிட்டது முதல்ல சுத்தணும், அப்புறம்தான் வரும். ரேடியேட்டர் கழுத்து பித்தளைன்னா இழுக்கற இழுப்புல சால்டர் விட்டுடும். ஹோஸ் முனை உப்பி மெத்துன்னு இருந்தா பிளேடால நீளவாக்குல கீறி எடுத்துட்டு புதுசு போடுங்க.

ஹவுசிங் மூடியைத் திறந்ததும் உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. சில பேர் மெழுகுக் குப்பியை வெட்டி எறிஞ்சுட்டு வளையத்தை மட்டும் விட்டிருப்பாங்க. அதையும் எடுங்க. இப்ப ஹோஸ் பைப்பை ரேடியேட்டர் கீழ்வாயில வெச்சு மேல்வாய் வழியா வர்ற மாதிரி தலைகீழா விடுங்க, மெதுவான தண்ணி. முழு வேகத்துல விட்டா பழைய ரேடியேட்டர் ஓட்டையாகும். தெளிவா வர்ற வரைக்கும். இன்ஜின் பக்கமும் அதே மாதிரி.

சுத்தம் செய்யறதுதான் இந்த வேலையில பாதி. பழைய கேஸ்கெட்டை மூங்கில் சீவலாலயோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலயோ சுரண்டுங்க. ஸ்க்ரூ டிரைவர் ஒரு கீறல் போட்டாலும் அந்த வழியாத்தான் பின்னால கசியும். மூடியை ஒரு கண்ணாடித் தகடு மேல 400 நம்பர் வாட்டர் பேப்பர் வெச்சு, தண்ணி தொட்டு எட்டு மாதிரி தேய்ங்க. முகம் முழுக்க ஒரே நிறத்துல மங்கினா சமமாயிடுச்சு. நடுவுல பளபளப்பான தீவு நின்னா அங்க பள்ளம். ஹோஸ் ஏறற கழுத்துல பெரும் அரிப்புக் குழி இருந்தா மூடியையே மாத்திடுங்க, எம்-சீல் வெச்சு ஒப்பேத்தறது சிக்னல்ல கழண்டுக்கும்.

இன்ஜின் பக்கம் தெர்மோஸ்டாட் உக்கார ஒரு படி வெட்டு இருக்கும். அதுக்குள்ள இருக்கற உப்பையும் சுரண்டுங்க. ரொம்பப் பேர் கோட்டை விடறது இங்கதான். விளிம்பு அந்தப் பள்ளத்துல முழுசா இறங்கணும். ஒரு பக்கம் தூக்கி நிக்கறது தெரியாம போல்ட்டை முறுக்கினா மூடியோட காது படக்குன்னு உடையும்.

ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் இன்ஜினைப் பார்த்து, ஆடுற ஊசி மேல 12 மணி திசையில. தலைகீழா மாட்டினா குப்பிக்கு இன்ஜின் சூடு தெரியாது, திறக்கவே திறக்காது.

காகித கேஸ்கெட்னா அது மட்டும் போதும், ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தா. சிலிக்கான் பேஸ்ட் போட்டே ஆகணும்னா நூல் கனத்துக்கு ஒரு கோடு. தாராளமா அப்பினா பாதி வெளிய பிதுங்கும், அதைத் துடைச்சிடலாம். மீதி உள்ள பிதுங்கி, பிஞ்சு, ரேடியேட்டர் குழாயில போய் அடைக்கும்.

போல்ட் ரெண்டையும் கையால முழுசா ஏத்திட்டு, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. 12 மில்லிமீட்டர் தலை, அதாவது எம் 8 போல்ட்டுன்னா 20 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டர் தலைன்னா 10. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டற ஸ்பேனர்) இல்லைன்னா சின்ன ஸ்பேனர், மணிக்கட்டு பலம், அதோட நிறுத்துங்க. அலுமினியம் இது.

---

மெழுகுக்குப்பி

நிரப்பறதைப் பத்தி நான் சொல்றேன். டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்ட் கான்சன்ட்ரேட்டும், கேன்ல போட்ட விகிதப்படி. ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து நாலு லிட்டர் தயாரா வெச்சுக்கோங்க. "ரெடி டு யூஸ்" கேன்னா தண்ணி சேர்க்காதீங்க. நம்ம ஊர்ல தண்ணி உறையாதுதான், ஆனா துரு பிடிக்காம இருக்கவும் கொதிநிலை கூடவும் இது வேணும். பச்சை ரகம்னா ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். பழைய பச்சையோட புது ரக ஆரஞ்சைக் கலக்காதீங்க. நிறத்தை மட்டும் நம்பாம கேன்ல எழுதினதைப் படிங்க, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுது.

வண்டி மூக்கு மேல இருக்கற மாதிரி சரிவுல நிறுத்தி, ஹீட்டர் குமிழை சூடு பக்கம் முழுசா திருப்பி, மெல்லிசா ஊத்துங்க. மேல் ஹோஸை அப்பப்ப அமுக்கினா பொளக் பொளக்குன்னு காத்து வரும். மூடி போடாம ஐடில்ல ஓட விடுங்க. தெர்மோஸ்டாட் திறக்கற நேரத்துல ரேடியேட்டர் வாயில தண்ணி மட்டம் சட்டுனு ஒரு வாய் இறங்கும், ஹோஸ் சுடும். அந்த இறக்கத்தை நிரப்பி மூடியைப் போடுங்க. காத்து தங்கிட்டா மெழுகுக் குப்பி ஆவியில நிக்கும், ஆவி சூட்டைச் சரியா கடத்தாது, புது பார்ட்டும் லேட்டாத்தான் திறக்கும். "புதுசு மாட்டியும் ஹீட் ஆகுது"ன்னு வர்ற புகார்ல பாதி இந்தக் காத்துதான்.

---

ஜேசிரோடு_ஸ்பேனர்

ஃபேனையும் அன்னைக்கே பழையபடி சுவிட்ச் வழியா கொடுத்துடுங்க. சுவிட்சைக் கழட்டி சுடு தண்ணியில முனையை மட்டும் முக்கி மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி (கரண்ட் தொடர்ந்து போகுதா) பாருங்க. ஒத்தை டெர்மினல்னா டெர்மினலுக்கும் உடம்புக்கும், ரெண்டு டெர்மினல்னா ரெண்டுக்கும் நடுவுல. குளிர்ல அறுந்து, சூட்டுல சேரணும். கொதிக்கற தண்ணியிலயும் சேரலைன்னா மேல பொறிச்ச டிகிரியைப் பாருங்க, 97-க்குக் கீழ இருந்தா சுவிட்ச் போச்சு. சுவிட்ச் கைக்கு வர்ற வரைக்கும் டைரக்ட்டாவே ஓடட்டும், கெடுதல் இல்ல. தெர்மோஸ்டாட் இருக்கறதால இன்ஜின் இனி குளிராது, பேட்டரிக்கும் ஃபேன் மோட்டாருக்கும்தான் பாரம்.

சோக் கேபிளும் கார்பரேட்டர் டியூனிங்கும் இப்ப தொடாதீங்க. குளிர்ந்த இன்ஜினுக்கு ஏத்த மாதிரி யாராவது மிக்சர்ல பெட்ரோலைக் கூட்டி வெச்சிருப்பாங்க. முள்ளு நடுவுல நிக்க ஆரம்பிச்சு நாலு நாள் ஓடட்டும், அப்புறம் சூடான இன்ஜின்ல செட் பண்ணுங்க. ரெண்டு மூணு தடவை ஓசூர் போய்வந்ததும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடுங்க, பெட்ரோல் கலந்த ஆயில் அது.

---

அல்சூர்_எட்டுநூறு

82 டிகிரி, கேஸ்கெட், 0.9 மூடி, மேல் ஹோஸ், ரெண்டு லிட்டர் கான்சன்ட்ரேட்னு பட்டியல் எழுதிட்டேன். மாட்டி முடிச்ச பிறகு முள்ளு எங்க நிக்கணும்? எவ்வளவு நாள் கழிச்சு மறுபடி பார்க்கணும்?

---

பழைய_இன்ஜின்

நாலஞ்சு கிலோமீட்டர்ல பாதிக்குச் சற்றுக் கீழ வந்து நிக்கணும். மேம்பாலத்துலயும் அங்கயே, சில்க் போர்டுலயும் அங்கயே, ஃபேன் போட்டு அணையும்போது ஒரு நூல் ஏறி இறங்கலாம். மறுநாள் காலையில, இன்ஜின் முழுசா ஆறின பிறகு மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. கழுத்து வரைக்கும் தண்ணி இருக்கணும். ஒரு டம்ளர் குறைஞ்சிருந்தா மிச்சக் காத்து வெளியேறியிருக்கு, நிரப்பிட்டு ரிசர்வ் டேங்க்கை ரெண்டு கோட்டுக்கு நடுவுல வைங்க. மூணாம் நாளும் குறைஞ்சா ஹவுசிங் மூட்டுல விரலை ஓட்டிப் பாருங்க. ஈரம் காய்ஞ்சு, பச்சையா ஒரு தடம் படிஞ்சிருக்கும்.